மெய்யியலுக்கு எந்தப் புலம்?

எம்.ஏ. என்று அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் கல்லூரிக்கு ஒரு நாள் முழுக்கப் போதவில்லை. அந்த நாள் முழுக்க நான் அங்கேதான் இருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது.

என் பெயர் ஜபருல்லா. கோயம்புத்தூரில் ஒரு கலை அறிவியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளர். முப்பத்தோரு வருடமாக மதிப்பெண் பட்டியலும் சான்றிதழும் என் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. ஓர் இனிஷியல் மாறிப்போனது கிடையாது. ஓய்வு பெற இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. இவ்வளவு காலத்தில் ஒரே ஒரு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டேன். அந்த ஒரு நாளில்தான் இது நடந்திருக்கிறது.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றாள். லோகப்பிரியா, ஊர் அந்தியூர். மெய்யியல் துறையில், அதாவது தத்துவத்தில், இந்த வருடம் முதுகலை முடித்த மாணவி. மாணவி என்று ஒருமையில் சொல்வதற்குக் காரணம் உண்டு, அந்த வகுப்பில் இருந்ததே அவள் ஒருத்திதான். பக்கத்தில் பயணப் பையோடு அவள் அம்மா மாரியாத்தாள்.

“சார், சர்டிபிகேட்ல ஒரு தப்பு வந்துருச்சுங்க. எம்.எஸ்சி.ன்னு போட்டிருக்குதுங்க. நான் எம்.ஏ.ங்க.”

வாங்கிப் பார்த்தேன். எம்.எஸ்சி. மெய்யியல் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உலகத்தில் எங்கேயாவது அப்படி ஒரு பட்டம் இருக்கலாம். எங்கள் கல்லூரியில் இல்லை.

“இருந்துட்டுப் போவுட்டும் கண்ணு,” என்றார் அம்மா. “எம்.எஸ்சி.ன்னா கல்யாணப் பத்திரிகையில போட எடுப்பா இருக்குமில்ல.”

மகள் அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஆராய்ச்சிப் படிப்பு நேர்காணல். விண்ணப்பத்தில் எம்.ஏ. என்று எழுதியிருக்கிறாள். காகிதம் வேறு மாதிரி இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாலை ஆறே முக்காலுக்குப் போத்தனூரில் ரயில். இந்த வருடம் கிடைக்காவிட்டால் அடுத்த வருடம் கிடையாது, தை மாதத்துக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று அம்மாவே சொல்லிவிட்டார்.

“உக்காரு அம்மணி, மத்தியானத்துக்குள்ள மாத்திக் குடுத்தர்றேன்,” என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

இந்த வருடம் புதிதாக ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறார்கள். எந்தப் படிப்பானாலும் கலைப்புலம், அறிவியல்புலம் இரண்டில் ஒன்றில் சேர்க்க வேண்டும். அதைப் பார்த்துப் பட்டத்தை அதுவே அடித்துக்கொள்ளும். மெய்யியலை யாரோ அறிவியலில் சேர்த்துவிட்டார்கள். ஏன் என்று விசாரித்தேன். அந்தத் துறையின் அறை இயற்பியல் கட்டடத்து மாடியில் இருக்கிறதாம், அதனால் அறிவியலாம். அதே மாடியில் ஒரு கழிப்பறையும் இருக்கிறது. அதை எந்தப் புலத்தில் சேர்த்தீர்கள் என்று கேட்க நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

புலத்தை மாற்ற வேண்டுமென்றால் குழு கூடித் தீர்மானம் போட வேண்டும் என்பது விதி. பிரின்சிபால் மேடத்திடம் ஓடினேன். நல்ல மனுஷி. இரண்டு மணிக்குக் குழுவைக் கூட்டினார். “அஞ்சு நிமிஷ வேலை ஜபருல்லா,” என்றார். படித்தவர்கள் நாலு பேர் கூடினால் அஞ்சு நிமிஷத்தில் எழுந்த சரித்திரம் உண்டா?

அறிவியல்புலத் தலைவர் சென்னகிருஷ்ணன், இயற்பியல். கலைப்புலத் தலைவர் சின்னத்தாயி அம்மா, தமிழ். மெய்யியல் துறையின் தலைவரும் ஆசிரியரும் எல்லாமுமான அப்புசாமி. நடுவில் பிரின்சிபால். குறிப்பு எழுத நான்.

“பழைய விதியில எம்.ஏ.ன்னு இருக்குதுங்க. அப்படியே மாத்திடலாமுங்களா?” என்று ஆரம்பித்தேன்.

“அப்படியே மாத்தறதுன்னா எப்படிங்க? காரணம் எழுதோணுமில்ல?” என்றார் சென்னகிருஷ்ணன். “எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க. லேப் இல்லாத படிப்பு எங்களுக்கு எதுக்கு?”

“கணக்குக்கு மட்டும் லேப் இருக்குதுங்களா?” என்றார் சின்னத்தாயி அம்மா. அவருக்கும் மெய்யியல் வேண்டாம். எனக்கு மெல்லத்தான் விளங்கியது. ஒரே ஒரு மாணவி படிக்கிற துறையை யார் மடியில் கட்டிக்கொள்வது? இரண்டு பேரும் மரியாதையாக, ஒரு ‘ங்க’ குறையாமல், அதை அடுத்தவர் இலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“பேரைப் பாருங்க,” என்றார் சின்னத்தாயி அம்மா. “அறிவியல், இயற்பியல், வேதியியல், மெய்யியல். எல்லாம் இயல்ல முடியுது. இது உங்க சாதிதானுங்க.”

“சமையல்கூடத்தான் அப்படி முடியுதுங்க,” என்று சொல்லிவிட்டேன். பிரின்சிபால் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

சென்னகிருஷ்ணன் விடவில்லை. எங்கள் துறையில் முந்நூறு வருடத்துக்கு முந்தின புத்தகத்தை எந்த மாணவனும் படிப்பதில்லை, அதில் தப்பானதைக் கழித்துவிட்டோம், சரியானது பாடத்தில் இருக்கிறது, அறிவியல் என்றால் முன்னால் போவது என்றார். “நீங்க ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினதை இன்னும் எடுத்து வெச்சுப் படிக்கறீங்க. பாட்டு, சிற்பம் இதைத்தான் அப்படி வெச்சுக் கும்பிடுவாங்க. அதனால கலைங்க.”

எனக்கு இது நியாயமாகப் பட்டது. மணி மூன்றேகால். பேனாவைத் திறந்து ‘கலை’ என்று எழுதப் போனேன்.

“அருமையான வாதமுங்க,” என்றார் அப்புசாமி, உண்மையிலேயே மகிழ்ந்துபோய். “ஆனா ஒரு பாட்டைத் தப்புன்னு யாரும் மறுக்கறதில்லீங்களே. புடிக்கலைன்னு சொல்லலாம், அவ்வளவுதான். நாங்க பழசைக் கும்பிடறதில்லை, அதோட சண்டை போடறோம். சண்டைக்குச் சான்று வேணும், காரணம் வேணும். அந்த வகையில அறிவியலுக்குப் பக்கமுங்க.”

“அப்ப அறிவியல்னு எழுதிடட்டுங்களா சார்?” என்றேன்.

“அதுவும் முடியாதுங்க ஜபருல்லா. சண்டை முடியறதே இல்லையே. அறிவியல்ல முடியும். தவிர, சொன்னவன் யாருங்கறது அறிவியலுக்கு முக்கியமில்லை. இங்க சொல்ற விதம் மாறினா சொன்னதே மாறிப்போகுது. அந்த வகையில கலைக்குப் பக்கம்.”

மனுஷன் எதிரியின் கட்சியை எதிரியைவிட நன்றாகப் பேசுகிறார், அடுத்த நிமிஷம் அதை அவரே உடைக்கிறார். அவருடைய சொந்த மாணவி வெளியே பெஞ்சில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்குக் குறிப்பேட்டை மேஜையில் அறைந்திருப்பேன். “ஏனுங்க சார், ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ரயிலுக்கு நேரமாகுது,” என்று மட்டும் சொன்னேன்.

“ரெண்டுல ஒண்ணுதானான்னு யாரும் இன்னும் கேக்கலீங்களே,” என்றார் அவர், ரொம்ப சாந்தமாக.

போண்டாவும் டீயும் வந்தன. போண்டாவில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. நாலரை மணிக்குத் தீர்மானம் நிறைவேறியது. மெய்யியல் எந்தப் புலம் என்பதை ஆராய ஒரு துணைக்குழு. அறிக்கை வர மூன்று மாதம். அதுவரை இருப்பது இருந்தபடி.

“அப்ப அந்தப் புள்ளைங்க?” என்றேன்.

அதற்கும் சென்னகிருஷ்ணன் வழி வைத்திருந்தார். கெட்டிக்காரர். ‘நான் படித்தது எம்.எஸ்சி.தான், விண்ணப்பத்தில் எம்.ஏ. என்று தவறாக எழுதிவிட்டேன்’ என்று மாணவி ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும், கல்லூரி அதில் முத்திரை வைக்கும். சான்றிதழும் விண்ணப்பமும் பொருந்திவிடும். யாருக்கும் நஷ்டமில்லை. எனக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் நானே அடித்து எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன். மணி ஐந்து.

அவள் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“நான் தப்பா எழுதலீங்களே சார்.”

“அது எல்லாருக்கும் தெரியும் அம்மணி. ஒரு கையெழுத்துத்தானே? போட்டுட்டு ரயிலைப் புடி.”

“எல்லாருக்கும் தெரிஞ்சுமாங்க?”

உள்ளே மூன்று பேர் என்னைப் படுத்தியது போதாதென்று இவளுமா என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிடிவாதக் கழுதை என்று மனதுக்குள் திட்டினேன். மாரியாத்தாள் அழ ஆரம்பித்தார். “போட்டுத் தொலை கண்ணு” என்றார், தை மாதத்துக் கல்யாணத்தையும் மறந்து. அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடியும் தாளைப் பார்த்தாள். அவளுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டும் என்று பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் பேனாவைத் தொடவில்லை.

அப்புசாமி அப்போதுதான் வெளியே வந்தார். “நீங்க சொல்லுங்க சார், நீங்க சொன்னாக் கேக்கும்,” என்றேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். இன்னொரு பக்கத்தையும் பேசுவார் என்று காத்திருந்தேன். பேசவில்லை. “போடாத சாமி,” என்றார். அவ்வளவுதான்.

மெய்யியல், மெய்யியல் என்று எத்தனை வருடம் அடித்திருப்பேன். அதன் முன்பாதியை அன்றைக்குத்தான் படித்தேன்.

கல்லூரியின் கடிதத் தாளை எடுத்துக் கையாலேயே எழுதினேன். “இந்த மாணவி எங்கள் கல்லூரியில் இரண்டு ஆண்டு மெய்யியல் படித்து எம்.ஏ. தேறியவர். சான்றிதழில் எம்.எஸ்சி. என்று இருப்பது எங்கள் பிழை. மெய்யியல் கலையா அறிவியலா என்று எங்கள் கல்லூரிக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தவுடன் சரியான சான்றிதழ் அனுப்பப்படும்.” கையெழுத்துப் போட்டேன். என் மேஜையில் இருக்கும் முத்திரையை வைத்தேன். அதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது. ஆட்டோ பிடித்து இரண்டு பேரையும் ஏற்றிவிட்டபோது மணி ஐந்தே முக்கால்.

மூன்றாம் நாள் லோகப்பிரியாவிடமிருந்து போன் வந்தது. கடிதத்தை நேர்காணல் குழுவில் ஐந்து பேரும் கைமாற்றி வாசித்தார்களாம். ஒருவர் சிரித்தாராம். பிறகு அந்தக் கேள்வியையே அவளிடம் கேட்டு முக்கால் மணி நேரம் பேச வைத்தார்களாம்.

“நீ என்ன சொன்ன அம்மணி?”

“எனக்கும் தெரியலைன்னுதான் ஆரம்பிச்சேனுங்க சார். அங்கிருந்து கொஞ்ச தூரம் போக முடிஞ்சுதுங்க.” அடுத்த வாரம் பட்டியல் வந்தது. அவள் பெயர் இருந்தது.

அந்தக் கடிதத்தின் நகல் எங்கள் கல்லூரிக்கும் வந்தது, சரிபார்ப்பதற்கு. அன்று மாலையே எனக்கு மெமோ. அனுமதியின்றிக் கடிதம் கொடுத்தது, கல்லூரிக்குத் தெரியாது என்று எழுதி அவமானப்படுத்தியது. தெரியாததைத் தெரியாது என்று எழுதியதில் என்ன அவமானம் என்று எனக்கு விளங்கவில்லை. பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவரே அடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார்.

“கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க ஜபருல்லா. இதோட முடிஞ்சுரும். பதினாலு மாசம் நிம்மதியா இருங்க.”

வீட்டில் என் மனைவி சஃபியாவும் அதையேதான் சொல்லியிருந்தாள். போகிற காலத்தில் எதற்குங்க வம்பு, போட்டுவிட்டு வாங்க என்று.

தாளைப் படித்தேன். ‘மேற்படி கடிதத்தை நான் கவனக்குறைவால் எழுதிவிட்டேன் என்று வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ ஒரே வரிதான். நல்ல மனசோடு எழுதியது. போட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் டீ குடிக்கப் போயிருப்பேன். அந்தப் பெண் மேல் மறுபடியும் எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தோரு வருடம் எது கொடுத்தாலும் கையெழுத்துப் போட்ட கை இது, இப்போது அசைய மாட்டேன் என்கிறது.

பேனாவைத் திறந்தேன். ‘கவனக்குறைவால்’ என்பதைக் கோடு போட்டு அடித்தேன். மேலே ‘முழுக் கவனத்துடன்’ என்று எழுதினேன். ‘வருத்தத்துடன்’ என்பதையும் அடித்தேன். திருத்திய இரண்டு இடத்திலும் விதிப்படி சுருக்கொப்பம் வைத்து, கீழே முழுக் கையெழுத்தைப் போட்டு, தேதி எழுதிக் கொடுத்தேன்.