தில்லைநாதன் விற்ற பொலிசி

லண்டனில் நாங்கள் வீடு வாங்கியபோது, என் கணவருடைய அக்காவின் கணவர் தில்லைநாதன் காப்புறுதி முகவராக இருந்தார். வீட்டுக் கடனுக்கு வட்டியை மட்டும் கட்டி, முதலுக்குப் பதிலாக மாதாமாதம் பொலிசிக்குக் கட்டினால் போதும், அது முதிரும்போது முழுக் கடனையும் அடைத்துவிடும், மிச்சத்தில் உலகம் சுற்றலாம் என்று சொல்லி ஒரு பொலிசியை எங்கள் தலையில் கட்டினார். இருபத்தைந்து வருடம் கழித்து அது பாதிக் கடனைத்தான் அடைத்தது. மீதிக்காக வீட்டை விற்றோம். எஞ்சிய காசு சிட்னியில் மகன் வாங்கிய வீட்டுக்குப் போனது. பென்டில் ஹில்லில் அவன் பின்வளவில் உள்ள கிரனி ஃபிளாட் என்ற சின்ன வீட்டில் இருக்கிறோம். நாங்கள் சுற்றிய உலகம் அவ்வளவுதான்.

லண்டனிலிருந்து சிட்னிக்கு வந்திருந்த தில்லைநாதன் போன ஞாயிறு எங்களிடம் வந்து, நல்ல கதிரையாகப் பார்த்துச் சாய்ந்துகொண்டு, ஃபோனில் பொலிசிக் கணக்குப் போட்டார்.

"வருசத்துக்கு நாலு வீதம் கிடைச்சிருக்கு, தங்கச்சி. அந்த நேரத்துச் சந்தைக்கு அது நல்ல வருமானம். குறை சொல்ல ஏலாது."

"உங்கட பொலிசி எவ்வளவு தந்தது, அண்ணை?"

"நான் எங்க எடுத்தனான்?" வடையைச் சம்பலில் தோய்த்தார். "நான் முதலும் வட்டியுமா மாசாமாசம் கட்டி முடிச்சிட்டன்."

எனக்கு வடைத் தட்டைப் பறிக்க வேண்டும் போலிருந்தது. என் கணவரோ பெருமையோடு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரே, அத்தான் அப்பவே கெட்டிக்காரன்."