முப்பத்தேழாம் எண் வீட்டின் நீர்மட்டம்

1988ஆம் ஆண்டு கார்த்திகை மாதம் மூன்றாம் நாள் காலை ஆறே முக்கால் மணிக்கு, இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையிலுள்ள இலுப்பை நகரின் மூன்றாம் தெருவில், தரையிலிருந்து நான்கரை அடி உயரத்தில் ஒரு கெண்டை மீன் கிழக்கிலிருந்து மேற்காக நீந்திச் சென்றது. மழை பெய்திருக்கவில்லை, தெருவில் தண்ணீரும் இல்லை. பால்காரர் மாரிச்சாமி சைக்கிளை ஓரங்கட்டி அதற்கு வழிவிட்டார். மறுநாள் ஏழு மீன்கள் வந்தன. அந்த வாரக் கடைசியில் விரால்கள் வரத் தொடங்கின. தெருவாசிகள் இரண்டு நாள் அஞ்சினர். மூன்றாம் நாள், குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்தால் ஒரு வேளைக் குழம்புக்கு ஆகும் என்று கண்டுகொண்டனர். அத்தெருவிலிருந்த வெள்ளை நாய்கள் நடப்பதை விட்டுவிட்டு, மூக்கை உயர்த்திக் காலடித்து நீந்திச் சென்றன.

அந்த இடம் நகராவதற்கு முன் இலுப்பைக் கண்மாயாக இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடையில் நீர் பெற்று முந்நூறு ஏக்கர் நஞ்சைக்குப் பாய்ச்சிய கண்மாய் அது. 1984ஆம் ஆண்டு மழையில் கரை உடைந்தது. அடைக்க வேண்டியவர்கள் அடைக்கவில்லை. நீர் வரும் கால்வாயில் ஊர்க்குப்பை கொட்டப்பட்டது. இரண்டு ஆண்டுகள் வறண்டு கிடந்த பிறகு, அதிகாரிகள் நால்வர் வந்து பார்த்து, 'நீர்நிலை எதுவும் இவ்விடத்தில் இல்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டனர். கண்மாய்க்குள் நின்றுகொண்டு கண்மாயைக் காணவில்லை என்று எழுதுவதற்குப் படித்திருக்க வேண்டும். படிக்காதவர்களுக்கு அது வராது. ராஜரத்தினம் என்பவர் அவ்விடத்தில் எல்லைக்கல் ஊன்றி, நூற்றிருபது மனைகளாகப் பிரித்து விற்றார்.

பஞ்சாலையில் நூல் சுற்றும் பகுதியில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்துவந்த பிச்சையம்மாள், முதல் தெருவில் முப்பத்தேழாம் எண் மனையை வாங்கி இரண்டு அறையும் ஓர் அடுப்படியுமாக வீடு கட்டினார். கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அந்த வீடு இருந்தது. குடிபுகுந்த நாள் முதல் அவர் வீட்டுக் கொடியில் தொங்கும் சேலையின் கீழ்ப்பாதி காயவில்லை. மொட்டை மாடியில் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. இதன் காரணம் அவருக்கு விளங்கியபோது, தங்கை செல்லக்கனியின் முகம் நினைவுக்கு வந்தது. செல்லக்கனிக்குக் கண்மாயின் கடைசி மடையில் அரை ஏக்கர் நஞ்சை. அதில் நான்கு ஆண்டுகளாகக் கருவேலம் மட்டுமே விளைந்தது. தங்கையின் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் தன் வீட்டுக்குள் நிற்பதை அறிந்த பிச்சையம்மாள், 1989 தைப் பொங்கலன்று கண்மாய்ப் பாதுகாப்புக் குழுவில் பெயர் கொடுத்தார்.

அக்குழுவை நடத்தியவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஹயக்ரீவன். மாட வீதியில் தட்டச்சுப் பயிற்சிக்கூடம் வைத்திருந்தார். அங்கே பயின்ற அனைவருக்கும் வேகப் பயிற்சிக்கான பாடம், கண்மாயை மீட்டுத் தரக் கோரும் மனுதான். பிழையில்லாமல் அடித்த தாள்களை அவர் அன்றாடம் தபாலில் சேர்த்தார். இவ்வாறு ஈராண்டில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட மனுக்கள் சென்றன. ஒரு பதில் வந்தது. அதில் ஒன்பது எழுத்துப் பிழைகள் இருந்தன. செய்தி எதுவும் இல்லை.

1989 ஜூன் ஐந்தாம் நாள் குழுவினர் இராஜபாளையத்திலிருந்து சைக்கிள் பேரணி நடத்தினர். இலுப்பை நகருக்குள் நுழைந்த அறுபத்து நான்கு பேரும் வெளியே வரும்போது இடுப்பளவு நனைந்திருந்தனர். ஒருவரின் செருப்பு மிதந்து போய்விட்டது. இதையும் மீன்களையும் குறிப்பிட்டு எழுதிய மனுவைப் பரிசீலித்த அலுவலர், மீன் மேலும் போகும் கீழும் போகும், சைக்கிளில் செல்பவர் வியர்வையாலும் நனையலாம், நீரின் மட்டம் எதுவென்று காட்டாத சாட்சி சாட்சியாகாது என்று வாய்மொழியாகத் தெரிவித்தார். எழுத்தில் தர மறுத்துவிட்டார்.

மட்டத்தைக் காட்டியது முளைப்பாரி. பங்குனிப் பொங்கலுக்குப் பெண்கள் ஒன்பது நாள் விரதமிருந்து, இருட்டறையில் சட்டிகளில் பயறு முளைக்க வைத்து, அம்மன் கோவிலைச் சுற்றிவந்து கண்மாய்ப் படித்துறையில் கரைப்பது வழக்கம். கண்மாய் போன பிறகு குழாயடியில் கரைத்து வந்தார்கள். 1990ஆம் ஆண்டு குழாயில் தண்ணீர் வராத காரணத்தால், கால் போன போக்கில் பழைய படித்துறைக்கே சென்றனர். அது ஒரு டீக்கடைக்குப் பின்னால் இருந்தது. குனிந்து சட்டிகளைக் கையிலிருந்து விட்டார்கள். நாற்பத்தொரு சட்டிகளில் ஒன்றுகூடத் தரையில் விழவில்லை. கரைத்த பின் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. ஆகையால் அவர்கள் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் டீக்கடையில் இருந்தவர்கள்.

"ஏலே, அங்க பாரு, மெதக்குதுலே!"

"மெதந்தா மெதந்துட்டுப் போகுது. ஒன் டீ ஆறுது, குடி."

சட்டிகள் மூன்று நாள்கள் தெருக்களில் மிதந்தன. எல்லாம் ஒரே மட்டத்தில் நின்றன. ஆடுகள் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. ஹயக்ரீவன் அளவுகோலுடன் வந்து பார்த்தார். அந்த மட்டம், உபரி நீர் வெளியேறும் கலிங்குக் கல்லின் தலையோடு நூல் பிசகாமல் ஒத்திருந்தது. அவர் வழக்குத் தொடுத்தார்.

நீதிமன்ற ஆணையராக ஒரு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டு, 1991ஆம் ஆண்டு முளைப்பாரி கரைக்கும் நாளில் வந்தார். வரைபடத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன முறை எளியது. நகரிலேயே மேடான மனை முப்பத்தேழு. அங்கே சட்டி மிதந்தால் நூற்றிருபது மனைகளும் கண்மாய்; மிதக்காவிட்டால் வழக்கு இல்லை. ஆணையர் சட்டியை வாங்கக் கை நீட்டியபோது பெண்கள் விலகிக்கொண்டனர். விரதமிருந்து வளர்த்தவள் கையைத் தவிர வேறு கை அதைத் தொடலாகாது. அன்று முப்பத்தேழாம் எண் வாசலில் சட்டியோடு நின்றவர் பிச்சையம்மாள்.

ராஜரத்தினம் அருகில் வந்து தணிந்த குரலில் பேசினார். "யக்கா, செத்த நேரம் படியில வச்சு அமுக்கிப் பிடிங்க, போதும். வீடு தப்பிச்சிரும்."

"வீடு தப்பிச்சிரும். எந்தங்கச்சி வயலு?"

"அந்த வயல்ல கருவேலத்தத் தவிர என்னத்த மொளைக்குது?"

"தண்ணி நின்னா நெல்லு மொளைக்கும். ஒம்ம கல்லு மொளைச்ச லெச்சணத்தத்தான் எல்லாரும் பாக்கோமே."

கூட்டத்திலிருந்து செல்லக்கனி அழுதுகொண்டே முன்னால் வந்தாள். "யக்கா, வேண்டாம்க்கா. நான் களை எடுக்கப் போயாவது பொழச்சுக்கிடுதேன். நீ வீட்டப் பாரு."

"ஏட்டி, வாய மூடிட்டு நில்லு. ஒம்பது நாளு உப்பில்லாமத் தின்னு வளத்திருக்கேன். பொய் சொல்லவா வளத்தேன்?"

பிச்சையம்மாள் சட்டியை வாசற்படியில் வைத்தார். இரு கைகளும் அதன் விளிம்பில் இருந்தன. உள்ளே, அவர் பார்த்துப் பார்த்துப் பூசிய சிவப்புத் தரை தெரிந்தது. அவர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு கைகளை எடுத்தார். சட்டி மெல்ல மேலெழுந்து, ஜன்னல் விளிம்புக்கு நேராக நின்று, ஒருமுறை சுழன்று, திறந்திருந்த கதவு வழியாக வீட்டுக்குள் சென்றது. ஆணையர் நாடாவைப் பிடித்து, 'இரண்டே முக்கால் அடி' என்று குறித்துக்கொண்டார். பிச்சையம்மாள் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

1992 தொடக்கத்தில், கண்மாயை மீட்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கரையைக் கட்ட அலுவலகத்தில் ஆள் இல்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆலைத் தொழிலாளர்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவர்கள், கோவில் வீதிக்காரர்கள், சோழபுரம் விவசாயிகள் எல்லோரும் கூடைகளுடன் வந்து புரட்டாசிக்குள் கட்டி முடித்தார்கள். கட்டப்பட்டிருந்த பத்தொன்பது வீடுகள் இடிக்கப்பட்டன. முப்பத்தேழில் வாசற்படிக் கல்லை மட்டும் விட்டுவைக்கும்படி பிச்சையம்மாள் கேட்டார், விட்டுவைத்தார்கள். நவம்பர் மழையில் கண்மாய் நிரம்பியது. கல்லின் மேல் நீர் இரண்டே முக்கால் அடி ஏறி நின்றது. அதற்கு மேல் ஒரு விரல்கூட ஏறியதில்லை. மீன்கள் தண்ணீருக்குள் சென்றன. அடுத்த பங்குனியில் செல்லக்கனி நெல் அறுத்தாள். வீடிழந்தவர்களுக்கு மாற்று மனை கோரும் மனு இன்றளவும் மாட வீதிப் பயிற்சிக்கூடத்தில் வேகப் பாடமாக இருந்துவருகிறது.

பிச்சையம்மாள் இராஜபாளையத்தில் வாடகை வீட்டில் குடியிருக்கிறார். காலைதோறும் முதல் பஸ்ஸில் கண்மாய்க்கு வருகிறார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்கி, தம் வாசற்படிக்கு நேர் மேலே, நீரின் மீது அரிசி மாவால் கோலம் போடுகிறார். பதினைந்து புள்ளி, இழை கலைவதில்லை. கோடையில் நீர் இறங்கிப்போகும் மாதங்களிலும் கோலம் இறங்குவதில்லை. கல்லுக்கு மேல் இரண்டே முக்கால் அடி உயரத்தில் அப்படியே நிற்கும். பத்து மணிக்குள் கெண்டைகள் வந்து அதைத் தின்று முடித்துவிடும். அவர் மதிய ஷிப்டுக்குப் பஸ் ஏறுவார்.