ஒன்றரை பிஸ்கட்

புதுச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, ஒன்பது மாதக் குழந்தை சித்தார்த்தனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான் பிரபு. தட்டத் தட்ட அழுகை ஏறியதே தவிர இறங்கவில்லை. மரக்காணத்தில் முதல் பஸ் ஏறியபோது நன்றாகத் தூங்கிக்கொண்டுதான் வந்தான் பையன். பொம்மையார்பாளையம் தாண்டும்போது கண் விழித்து அம்மாவின் மார்பைத் தேடினான். கிடைக்கவில்லை. அப்போது பிடித்த அழுகை.

மனைவி கீதாஞ்சலி சீட்டுப் பதிகிற வரிசையில் நின்றிருந்தாள். அத்தை மகனைக் கட்டியவள்; கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிரபுவை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "நான் கிட்ட இருந்தா பால் வாசனைக்கு இன்னும் கத்துவான் மாமா. நீ தூக்கினு தூரமா போய் நில்லு," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

பிரபு குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தான். வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

குடலிறக்கம். போன மாசமே முடிந்திருக்க வேண்டிய ஆபரேஷன். நெஞ்சில் சளி இருக்கிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரமே ஒருநாள், வெளியே வந்த குடல் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டது. உப்பளத்தில் வேலையாக இருந்த பிரபு சேற்றுக்காலோடு ஓடி வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு பறந்தான். டாக்டர் இரண்டு விரலால் மெல்ல அழுத்தி உள்ளே தள்ளினார். "அழ விடாதீங்க. இன்னொரு வாட்டி மாட்டி ரத்த ஓட்டம் நின்னுட்டா குடல் அழுகிடும்," என்றார். அந்தச் சொல் அன்றிலிருந்து பிரபுவின் தலைக்குள் உட்கார்ந்திருந்தது.

ஆபரேஷன் அன்றைக்கு விடியற்காலை மூன்று மணிக்கு மேல் எதுவும் தரக்கூடாது என்று கீதாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏன் என்று பிரபு கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்வது போலத்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டான்.

குழந்தைக்கு இப்போது அழுவதற்கும் மூச்சில்லை. வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை, முகம் கருத்தது. வீக்கம் கல் மாதிரி இறுகியிருந்தது. எதிரே டீக்கடை. ஒரு டம்ளர் பால் வாங்கி, பால் பிஸ்கட்டை அதில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தான். சப்புக்கொட்டித் தின்றான் பையன். ஒன்று முடிந்து இன்னொன்றில் பாதி போனபோது உடம்பு தளர்ந்தது. தொட்டுப் பார்த்தான். வீக்கம் உள்ளே போய்விட்டிருந்தது. பிரபுவுக்கு அப்பாடா என்றிருந்தது.

கடைச் சுவரில் கடிகாரம் ஆறே முக்கால் காட்டியது. குழந்தையின் வாயைத் துண்டால் துடைத்துவிட்டான்.

கீதா ஃபைலோடு வந்தாள். "தூங்கிட்டானா! எப்படி மாமா?"

"அழுது களைச்சிட்டான்," என்றான் பிரபு.

வார்டில் அமுதவல்லி என்கிற நர்ஸ் குழந்தையை எடை பார்த்து, காய்ச்சல் பார்த்து, கடைசியாக எப்போது பால் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"மூணு மணிக்கு தாய்ப்பால்," என்றாள் கீதா.

"அதுக்கப்புறம் தண்ணி, பிஸ்கட்டு, வேற எதனா?"

"எதுவும் இல்ல சிஸ்டர்."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். பிரபு ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றரை பிஸ்கட்தானே, இந்நேரம் செரித்திருக்கும். இப்போது சொன்னால் மறுபடியும் தேதி தருவார்கள். அதற்குள் இன்னொரு தடவை மாட்டிக்கொண்டால்? அவன் வாய் திறக்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா நின்றிருந்தார். பிரபுவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டே விளக்கினார்: "சின்ன ஆபரேஷன்தான், பயப்படாதீங்க. வயித்துல எதுனா இருந்தாதான் ஆபத்து. மயக்கத்துல அது மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். கொழந்த மூச்சு விட முடியாது. அதுக்குத்தான் வெறும் வயிறு கேக்கறோம். சரியா இருந்தீங்க இல்ல?"

"மூணு மணியிலருந்து ஒரு சொட்டு குடுக்கல மேடம்," என்றாள் கீதா. அவள் ஜாக்கெட்டின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பிரபுவின் கையிலிருந்து குழந்தையை வாங்கினார்கள். குழந்தை அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தது. நர்ஸ் விரல்களைப் பிரித்தெடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

பிரபு கதவைப் பார்த்தான். பத்து எண்ணுகிற நேரம்கூட ஆகியிருக்காது. அவனுக்கு அது முடிவில்லாமல் நீண்டது. மூச்சு விட முடியாது. மூச்சு விட முடியாது. சட்டென்று பாய்ந்து இரண்டு கையாலும் கதவை அறைந்தான்.

"மேடம்! மேடம்! குடுக்காதீங்க! மயக்கம் குடுக்காதீங்க!"

கீதா அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். "மாமா, இன்னா ஆச்சு உனக்கு?"

கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியோடு எட்டிப் பார்த்தார்.

"பிஸ்கட் குடுத்துட்டேன் மேடம். பால்ல நனைச்சு, ஒன்றரை. ஆறே முக்காலுக்கு."

டாக்டரம்மா உள்ளே திரும்பி, "நிறுத்துங்க, கொழந்தைய எடுங்க," என்றார். பிறகு பிரபுவிடம், "நர்ஸ் கேட்டப்ப இன்னாப்பா பண்ணினு இருந்த?" என்றார்.

பிரபு குத்துக்கல் மாதிரி நின்றான்.

"இப்பவாவது சொன்னியே. ஆறு மணி நேரம் ஆகணும். லிஸ்ட்டுல கடைசியா வெக்கறேன். ஒரு மணிக்கு மேல. பதினோரு மணி வரைக்கும் வெறும் தண்ணி ரெண்டு ரெண்டு ஸ்பூன் குடுக்கலாம். வேற ஒண்ணும் கூடாது. புரிஞ்சுதா?"

குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கீதா வாங்கிக்கொண்டாள். பிரபுவைப் பார்க்காமலே நடந்தாள். வார்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் பேசினாள்.

"விடியக்காலையிலருந்து எனக்கு மார் கட்டி உயிர் போவுது. பையன் என் மூஞ்சியப் பாத்துப் பாத்து அழறான். நான் பல்லக் கடிச்சினு இருக்கேன். நீ பிஸ்கட்டு குடுத்துட்டு, களைச்சிட்டான்னு என்கிட்டயே சொல்றியா?"

"கல்லு மாதிரி வீங்கிடுச்சு கீதா. மாட்டிக்குமோன்னு..."

"என்ன வந்து கூப்புட்டிருக்கலாம் இல்ல? நர்ஸக் கூப்புட்டிருக்கலாம் இல்ல?"

பிரபு கட்டிலின் மறுகோடியில் உட்கார்ந்தான்.

பத்தரை மணிக்கு மறுபடி அழுகை பிடித்தது. பிரபு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். தண்ணீரை ஸ்பூனில் கொடுத்தால் பையன் துப்பினான். பதினோரு மணிக்கு மேல் அதுவும் இல்லை. பதினொன்றரைக்கு வீக்கம் வெளியே வந்தது. தொட்டால் கல் மாதிரி இருந்தது. இந்தத் தடவை பிரபு ஒரு நிமிடமும் காத்திருக்கவில்லை. ஓடிப்போய் அமுதவல்லியைக் கூட்டிவந்தான். அவள் குழந்தையைப் படுக்கவைத்து இடுப்புக்குக் கீழே மடித்த போர்வையை வைத்து உயர்த்தினாள். "காலப் புடிங்க. அழுத்தாதீங்க, சும்மா புடிங்க," என்றாள். பிரபு இரண்டு பிஞ்சுக் கால்களையும் பிடித்துக்கொண்டான். உப்பில் வெடித்த அவன் விரல்கள் குழந்தையின் தோலில் உரசின. டாக்டருக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வருவதற்குள் குழந்தை விம்மி விம்மி ஓய்ந்தது. வீக்கம் மெல்லக் கரைந்தது. கீதா சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா இந்த முறை பிரபுவைத்தான் கேட்டார். "எதனா குடுத்தியா?"

"பதினோரு மணிக்கு முன்னாடி நாலு ஸ்பூன் தண்ணி. அதுலயும் பாதி துப்பிட்டான். வேற எதுவும் இல்ல மேடம்."

கதவு சாத்திக்கொண்டது.

முக்கால் மணி நேரம் என்றார்கள். ஒரு மணி நேரம் தாண்டியது. பெஞ்சில் இருவருக்கும் நடுவே குழந்தையின் துணிப்பை இருந்தது. கீதா அதன் வாரைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கதவ நீ தட்டியிருக்கலன்னா?"

"அதத்தான் நானும் நெனச்சினு இருக்கேன்."

"தட்டுனியே," என்றாள் அவள். கோபம் இறங்கிய குரல் இல்லை அது. ஆனால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

இரண்டரைக்குக் கதவு திறந்தது. "நல்லா முடிஞ்சுது. கொழந்த முழிச்சிட்டான்," என்று டாக்டரம்மா சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து கம்மிய குரலில் அழுகை கேட்டது. கீதா எழுந்தாள். எழுந்தவள் பிரபுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தொடை இடுக்கில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. அவ்வளவுதான். நாலு மணிக்குப் பால் கொடுக்கச் சொன்னார்கள். கீதா சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். குழந்தை குடிக்கிற சத்தம் கேட்டது. அவள் தோள்கள் குலுங்கின. பிரபு அருகில் போகவில்லை.

"ஒரு தடவ யூரின் போகட்டும். போனாதான் வீட்டுக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள் அமுதவல்லி.

ஆறு மணி வரைக்கும் இருவரும் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கீதா சாப்பிடப் போனபோது பிரபு குழந்தையை மடியில் வைத்திருந்தான். சட்டென்று தொடை சுட்டது. சட்டை, வேட்டி எல்லாம் நனைந்தது.

"சிஸ்டர்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான் பிரபு. "போயிட்டான் சிஸ்டர், போயிட்டான்!"