தனியாகச் சொல்லத் தேவையில்லை

லேப்டாப் வயரைப் பிடுங்கிவிட்டு, அதே பிளக்கில் ஐஸ் பெட்டியின் வயரைச் செருகினான் சசிதரன். பெட்டிக்குள் அவன் அம்மா முருகம்மாள். காலையில் அடுப்படியில் சாய்ந்தவள், சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டாள்.

அவள் சாய்ந்தபோது சசிதரன் ஆன்லைன் மீட்டிங்கில் பேருரை ஆற்றிக்கொண்டிருந்தான். நெட்வொர்க் கார்டை இயக்கும் 'டிரைவர்' நிரலில், 'கோளாறு வந்தால் தெரிவி' என்று கருவிக்கு உத்தரவிடும் பழைய வரிகள் இரண்டு இருந்தன. அந்த உத்தரவை எல்லாக் கருவிகளுக்கும் கணினியின் மைய நிரலான கெர்னலே பொதுவாகப் போட்டுவிடுவதால், டிரைவர் தனியாகப் போடத் தேவையில்லை. இரண்டு வரியை அழித்ததற்கு, மேகமலையைத் தள்ளி வைத்தவனின் தோரணை. கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் அடுப்படியில் ஒரு தட்டு விழுந்தது சரியாகக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இறங்கியதும் தங்கை உமாதேவி கேட்டாள்: "அண்ணே, தேவாரத்துல இருக்குற ஈஸ்வரபாண்டி மாமாவுக்கு நான் சொல்லிரவா?"

"குடும்ப குரூப்புல போட்டுட்டேன். எல்லாருக்கும் போயிரும். தனியாச் சொல்லத் தேவையில்ல."

மீட்டிங்கில் பேசிய அதே குரல்.

மத்தியானம் வாசலில் கொட்டு முழங்கத் தொடங்கியது. பெரியப்பா சுருளியாண்டி தெருமுனையைப் பார்த்தபடி நின்றார்.

"பொறந்த வீட்டுக் கோடிச் சேலை எங்கப்பா? அண்ணங்காரன் சேலை போத்தாம அவள எப்படித் தூக்குறது? ஈஸ்வரபாண்டிக்கு யாரு கேதம் சொன்னது?"

எல்லோரும் சசிதரனைப் பார்த்தார்கள்.

"குரூப்புல..."

"மாமாவ நீதானண்ணே குரூப்ப விட்டு எடுத்த?" என்றாள் உமாதேவி. "தெனமும் பூப்படமாப் போடுறாகன்னு."

 சசிதரன் வாசலுக்கு வந்து மாமாவுக்குப் போன் போட்டான்.

"ஏலே மருமகனே! அதிசயமா இருக்கே, நீயா கூப்புடுற? கம்ப்யூட்டரு படுத்துருச்சா?"

"மாமா..."

"தோப்புல நிக்கிறேன்ப்பா. அங்கன என்ன கொட்டுச் சத்தம்? தெருவுல யாரும் தவறிட்டாகளா?"

சசிதரன் வாயைத் திறந்தான். காலையிலிருந்து அந்தச் செய்தியை அவன் யாரிடமும் வாயால் சொல்லவில்லை. போனில் அடித்து அனுப்பியதோடு சரி. கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்து விழுந்திருந்தன.

"ஒனக்கு எங்க தெரியப்போகுது, பெட்டிய வெறிச்சுக்கிட்டே கெடப்ப. அம்மாகிட்டக் குடு, அவ சொல்லுவா."

"மாமா, அம்மா..."

"குடுப்பா. பேசி ரொம்ப நாளாச்சு."

சசிதரன் போனைக் காதிலிருந்து எடுத்தான். வழிவிட்டவர்களைத் தாண்டி உள்ளே போய், ஐஸ் பெட்டியின் அருகே நின்றான். கையிலிருந்த போனுக்குள் மாமா கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முருகு... ஏ, முருகு..."