சாயும் மரத்துக்கு இங்கிலீஷ்

கோபால்சாமி என்னைப் போளூரிலிருந்து மலைக்குக் கூட்டிப்போனதற்கு ஒரே காரணம், நான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன் என்பதுதான். அதே பாடத்தில் தவறியும் இருக்கிறேன் என்பது அவனுக்குத் தெரியும். அவன் தவறியது பொருளாதாரத்தில். ஆகவே ஒப்பிட்டுப் பார்த்ததில் என் ஆங்கிலம் தேறிவிட்டது.

விஷயம் இதுதான். ஜவ்வாது மலையில் அவன் அத்தை மாதம்மாளின் வீட்டுக்குப் பின்னால், மேட்டு விளிம்பில் ஒரு கடுக்காய் மரம் நின்றது. ஐப்பசி மழையில் வேரடி மண் கரைந்து, மரம் அவள் கூரைப் பக்கம் சாய ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு மழைக்கும் இன்னும் கொஞ்சம். மரமோ காட்டு இலாகாவுக்குச் சொந்தம். கேட்காமல் கோடரி வைத்தால் கேஸ். புதிதாக வந்திருந்த ரேஞ்சர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. மறுநாள் நேரில் வருவதாகவும், மரம் சாய்ந்திருப்பதைத் தன் கண்ணால் பார்த்தால் அங்கேயே அனுமதி தருவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தார். இல்லையென்றால் அடுத்த முறை வருவது தை மாதம். கார்த்திகை மழை தை வரைக்கும் காத்திருக்காது.

பஸ்ஸில் ஏறியதுமே அகராதியைப் பிரித்தேன். சாய்வதற்கு ஆங்கிலத்தில் 'லீன்' என்று எனக்கும் தெரியும். ஆனால் அதிகாரியிடம் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? 'லீன்' என்பதற்கு முதல் பொருளே, ஒன்றின்மேல் பாரத்தைப் போட்டுச் சாய்ந்திருப்பது என்று போட்டிருந்தது. மரத்துக்கு உதவாது என்று தாண்டினேன். அடுத்து 'டில்ட்': குடத்தைச் சாய்க்கிற மாதிரி. 'ஸ்லான்ட்': என் கையெழுத்து மாதிரி. 'ஸ்லோப்' மலைக்கு ஆகும், மரத்துக்கு ஆகாது. 'இன்க்ளைன்' கொஞ்சம் மரியாதையான சாய்வு, அதிகாரிக்குப் பொருந்தும். 'லிஸ்ட்' என்று ஒன்று இருந்தது, அது கப்பலுக்காம். மலையில் கப்பலுக்கு வேலை வராது என்றாலும் மனப்பாடம் செய்துகொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் வரிசையாகச் செய்துகாட்டியது.

மாதம்மாள் ஓர் இடத்தில் நிற்கவில்லை. உள்ளே போவாள், உடனே வெளியே வந்து மரத்தை அண்ணாந்து பார்ப்பாள். அடுப்பைக் களத்துக்குக் கொண்டுவந்திருந்தாள், பசுவைப் பக்கத்துக் கெங்கம்மா வீட்டில் கட்டியிருந்தாள். எனக்குக் களி போட்டுவிட்டு, நான் சாப்பிடும்போது என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலே பார்த்தாள். காற்று அடித்தால் பேச்சை நிறுத்தினாள். தூங்குவது பக்கத்து வீட்டில். தூங்குவது என்பது பெயருக்குத்தான் என்றான் கோபால்சாமி.

"நல்லா எடுத்துச் சொல்லு தம்பி," என்றாள் என்னிடம். "இந்த வூடு போச்சின்னா இன்னொண்ணு கட்ட எனக்கு உடம்புல தெம்பு கெடையாது."

காலையில் நானும் கோபால்சாமியும் ரேஞ்சரை எதிர்கொள்ள ரோட்டுக்குப் போய்விட்டோம். ஜீப் வரும்வரை நான் சொற்களைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். ஜீப் வந்ததும் பின்னால் ஏறிக்கொண்டோம். ஊருக்குள் நுழைந்தபோது தெரு முழுக்கச் சாணம் தெளித்திருந்தது. நாய்களைக் கட்டியிருந்தார்கள். சரிந்து கிடந்த வேலிகளெல்லாம் நேராக நின்றன. ஊர்க்கவுண்டர் வேடியப்பன் வெள்ளைத் துண்டோடு நின்றார். பெரிய மனிதர் வருகிறார் என்றால் இந்த ஊரில் கோணலாக எதுவும் அவர் கண்ணில் படக்கூடாது. அது வழக்கம்.

கடுக்காய் மரமும் நேராக நின்றது.

நான் கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். விடியற்காலையில் ஊரே கூடி வடம் கட்டி இழுத்து, மரத்தை நிமிர்த்தி, வீட்டுப் பக்கம் முட்டுக்கட்டை கொடுத்திருந்தார்கள். வடத்தின் மறுமுனை மேட்டுக்கு அப்பால் ஒரு பாறையில் கட்டியிருந்தது. முட்டுக்கட்டை தெரியாமல் இருக்கத் தழை வேறு சாத்தி, அடிமரத்துக்கு மஞ்சள் பூசிப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

"ஆபீசரு பாக்க வர்றதே மரத்தத்தானே," என்றார் கவுண்டர். "அது கோணலா நின்னா ஊருக்கு இன்னா மரியாத?"

தான் வேண்டாமென்று கத்தியதையும், யாரும் காதில் வாங்காததையும் மாதம்மாள் கோபால்சாமியிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

ரேஞ்சர் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாய்ந்த மரம் எங்கே என்று என்னிடம் கேட்டார். இதுதான் என்றேன். இது நிற்கிறதே என்றார். நான் 'லீன்' என்றேன். பிறகு 'டில்ட்' என்றேன். 'ஸ்லான்ட்' என்று கையால் காட்டினேன். 'இன்க்ளைன்' என்று பணிவாகச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் மரத்தை ஒருமுறை பார்த்தார். மரம் எதற்கும் ஒத்துழைக்கவில்லை. வேறு வழியில்லாமல் கப்பலையும் இறக்கினேன். அவர் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார். இங்கே சாய்ந்து நிற்பது நீ ஒருவன்தான் தம்பி என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு, ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

கோபால்சாமி கவுண்டரிடம் ஓடினான். வடத்தை அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினான்.

"ஆபீசரு முன்னாடி அவுக்கறதா?" கவுண்டர் துண்டைத் தோளில் சரிசெய்தார். "என் வேட்டிய அவுக்கச் சொல்றதும் இதுவும் ஒண்ணுதான்டா."

மாதம்மாள் யாரிடமும் கேட்கவில்லை. கொடுவாளை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினாள்.

"கெங்கம்மா வூட்டுப் பக்கம் எல்லாரும் தள்ளிக்குங்க," என்றாள். "சாமி, கொஞ்சம் நின்னு பாத்துட்டுப் போங்க."

ரேஞ்சருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நின்றார். கொடுவாள் ஒரே வெட்டு. வடம் பாம்பு மாதிரி துள்ளியது. முட்டுக்கட்டை முனகி, தழையோடு விலகி விழுந்தது. மரம் அவசரப்படவில்லை. வந்தவர்களை ஒருமுறை பார்த்துக்கொள்வது போல நின்று, பிறகு மண்ணைப் பிய்த்துக்கொண்டு சாய்ந்தது. உச்சிக் கொம்புகள் கூரையைத் தொட்டன. உள்ளே கூரையைத் தாங்கும் வாரை ஒன்று முறியும் சத்தம் கேட்டது. கடுக்காய்கள் கூரையிலிருந்து உருண்டு ரேஞ்சரின் பூட்ஸ் வரைக்கும் வந்தன. அவர் பின்னுக்குத் தாவி, இந்தியில் ஒரு சொல் சொன்னார். அது என் அகராதியில் இல்லாத சொல்.

மாதம்மாள் கொடுவாளோடு மேட்டிலேயே நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் அதற்கு மேல் இறங்கவில்லை.

ஜீப்பின் பானெட்டில் வைத்தே ரேஞ்சர் அனுமதி எழுதிக் கொடுத்தார். அதில் 'லீனிங்' என்று மட்டும்தான் இருந்தது. என்னுடைய மற்ற சொற்கள் எதற்கும் இடமில்லை.

ஜீப் கிளம்பியதுதான் தாமதம், கவுண்டர் புது வடம் கொண்டுவரச் சொல்லி மரத்தை மறுபடி இழுத்து நிமிர்த்த ஆளைத் திரட்டினார்.

"இன்னும் எதுக்கு மாமா?" என்றான் கோபால்சாமி.

"வளைவுல திரும்பிப் பாத்தார்னா?"

ஊரே இழுத்தது. நானும் இழுத்தேன். மரம் கூரையைவிட்டு எழுந்து நின்றது. ஜீப் மலைப்பாதையின் கடைசி வளைவில் மறைந்ததும் கவுண்டர் கோடரிக்குக் கண்காட்டினார். வடம் இறுகியிருந்ததால் மரம் வீட்டுக்கு எதிர்ப்பக்கம், மேட்டுக்கு அப்பால் போய் விழுந்தது. அவர் அதையெல்லாம் யோசித்துச் செய்தாரா என்று கேட்டேன். துண்டை உதறிக்கொண்டு, வெளியூர்க்காரனுக்கு எதற்கு அதெல்லாம் என்கிற மாதிரி போய்விட்டார்.

மாதம்மாள் அடுப்பை உள்ளே தூக்கிப்போய்க் களிக்கு உலை வைத்தாள். பசுவைக் கொண்டுவந்து கட்டினாள். மறுபடி வெளியே வந்து, மரம் இருந்த இடத்து வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போனவள் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். முறிந்த வாரைக்கு நேர் கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அகராதியில் 'லீன்' என்ற சொல்லுக்கு முதல் பொருளாகப் போட்டிருந்தது அதுதான். அடுப்பில் களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. கோபால்சாமி சத்தமில்லாமல் விறகை வெளியே இழுத்தான்.