மூன்று தடவை கேட்டவர்களுக்கு

விமானக் கம்பெனியின் தொலைபேசிப் பிரிவில் எனக்கு வேலை. முன்பெல்லாம் விதவிதமான கேள்விகள் வரும். நாய்க்குட்டியைக் கூட்டி வரலாமா, சக்கர நாற்காலி கிடைக்குமா, பெட்டியின் பூட்டை உடைத்தது யார் என்று ஆளுக்கொன்று கேட்பார்கள். பதில் சொல்வதும் ஒரு பொழுதுபோக்காக இருந்தது. இப்போது எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "இது அந்த விமானமா?"

அந்த ரகத்தில் இரண்டு விமானங்கள் அடுத்தடுத்து விழுந்தன. எங்களுடையவை அல்ல, வேறு கம்பெனிக்காரர்களுடையவை. அதில் எங்கள் மேலதிகாரிகளுக்கு ஒரு பெருமைகூட உண்டு. உலகம் முழுக்க அந்த ரகத்தையே தரையில் நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் இருந்தவையும் எஞ்சினுக்கு உறை மாட்டிக்கொண்டு ஓடுபாதைக்கு அப்பால் வெயிலில் கிடந்தன. பிறகு ஒருநாள், கோளாறைச் சரிசெய்துவிட்டோம் என்று விமானத்தைச் செய்தவர்கள் சொன்னார்கள். பார்த்துவிட்டோம் என்று அரசாங்கம் சொன்னது. நம்பிவிட்டோம் என்று எங்கள் கம்பெனி சொன்னது. சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாகிவிட்ட அந்த ரக எண்ணை அழித்து, வாலுக்கு வேறு வண்ணம் அடித்து, 'இளங்காற்று' என்று பெயர் வைத்தார்கள். பழைய கள், புது மொந்தை. அதில் மட்டும் சில டிக்கெட்டுகளின் விலையையும் குறைத்தார்கள்.

எங்களுக்கு ஒரு வழிமுறை சொல்லிக் கொடுத்தார்கள். பயணி முதல் தடவை கேட்டால், "எங்கள் விமானங்கள் அனைத்தும் முழுமையான பரிசோதனைக்குப் பிறகே இயக்கப்படுகின்றன." இரண்டாம் தடவை கேட்டால், "பாதுகாப்பில் நாங்கள் எந்தச் சமரசமும் செய்வதில்லை." மூன்றாம் தடவையும் கேட்டால் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, வேறு விமானத்துக்கு இலவசமாக மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். மூன்றாம் தடவை கேட்கச் சொல்லி நாங்கள் தூண்டக் கூடாது. குறைந்த விலையில் வாங்கியவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர்கள் தொண்டை வறளக் கேட்டாலும் மாற்ற முடியாது.

பெரும்பாலான ஆட்கள் இரண்டாவதோடு நிறுத்திவிடுவார்கள். மரியாதை தெரிந்தவர்கள். ஒரு பெண்பிள்ளையை எத்தனை தடவை நச்சரிப்பது என்று அவர்களுக்கே கூச்சமாகிவிடும். சத்தம் போடுகிறவன் பிழைத்துக்கொள்வான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் காப்பி வேண்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்பதற்குக்கூட எனக்கு வாய் திறக்க அலுப்பாக இருக்கும். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளைக்காவது நடுவில் ஒரு பழம் தருவார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் மேற்பார்வையாளர் இருக்கிறார். யாருடைய பேச்சிலும் எந்த நேரமும் நுழைந்து கேட்பதுதான் அவர் உத்தியோகம். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் காது.

அன்று முற்பகலில் பக்கத்து இருக்கைக்காரி, "உன் தங்கச்சி, பொது நம்பர்ல வந்துட்டா" என்று இணைப்பை என் பக்கம் தள்ளினாள். வேலை நேரத்தில் எங்கள் கைபேசிகள் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அதனால் தங்கை இந்த வழியில் வந்திருந்தாள்.

"அக்கா, நாளான்னிக்கு நானும் குட்டியும் போறோமே, அது அந்த விமானமா?"

குட்டி அவளுடைய கைக்குழந்தை. கணவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அவருடைய ஆபீஸ்தான் இவர்களுக்கு முழு விலையில் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தது. திரையைத் தட்டிப் பார்த்தேன். சன்னலோர இருக்கை, இளங்காற்று.

நிமிர்ந்தேன். காது என் பக்கம் பார்த்தபடி, காதில் மாட்டிய கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கள் விமானங்கள் அனைத்தும் முழுமையான பரிசோதனைக்குப் பிறகே இயக்கப்படுகின்றன" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அய்யோ, நான்தாங்க்கா."

"தெரியுது."

"அப்ப சொல்லு. அதுல போலாமா?"

"பாதுகாப்பில் நாங்கள் எந்தச் சமரசமும் செய்வதில்லை."

இன்னொரு தடவை கேளுடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். சின்ன வயதில் ஒரு பலூன் வேண்டுமென்றால் நாள் பூரா நச்சரித்து உயிரை வாங்கியவள் அவள்.

"சரிக்கா, நீயே சொல்லிட்ட, அப்புறம் என்ன" என்றாள். "அவருதான் பயந்து சாகுறாரு. எங்கக்கா அங்கயே வேலை பாக்குறா, கோளாறா இருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாளான்னு கேட்டேன். வாயடைச்சுப் போச்சு மனுசனுக்கு. வச்சுடறேன், குட்டி அழுவுறான்."

எனக்கு அவமானமாக இருந்தது. ஊரார் கேட்டபோதெல்லாம் வராத அவமானம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன்.

"டிக்கெட்ட மாத்துறேன். நாளான்னிக்கே வேற விமானம் இருக்கு. நீ மூணு தடவை கேட்டதா எழுதிக்கிறேன்."

"நல்லாருக்குன்னு சொன்னியே?"

"அது ஆபீஸ் சொன்னது."

"எது நீ, எது ஆபீஸ்னு எனக்கு எப்படிக்கா தெரியும்? குரல் உன் குரல்தானே."

கைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அது கெட்ட விமானமா?" என்று கேட்டாள்.

"தெரியாதுடி. சரி பண்ணிட்டோங்கிறாங்க. பண்ணியும் இருக்கலாம். ஆனா தெரியாம உன்னையும் பிள்ளையையும் ஏத்திவிட்டுட்டு என்னால இங்க உக்கார முடியாது."

"அப்ப மத்தவங்க?"

"மத்தவங்க மூணு தடவை கேட்டா மாத்திக் குடுக்குறோம்."

"நானே ரெண்டோட நிறுத்திட்டேனே" என்றாள் தங்கை. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கத்திவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

இருக்கைக்குத் திரும்பி முதல் வேலையாக அவளை மாற்றினேன். இனி யார் வந்தாலும் அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுவது என்றும் தீர்மானித்துக்கொண்டேன். காது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், வேலை போனால் வாய்க்கு ஓய்வு.

அடுத்து வந்தது ஒரு ஆண் குரல். பின்னால் ஏதோ பட்டறையின் இரைச்சல்.

"பொண்ணுக்கு நாளான்னிக்கு ஒரு டிக்கெட் வேணும்மா. வேலைக்குச் சேரப் போறா. விமானத்துல முதல் தடவை. சன்னலோரம் கெடைச்சா நல்லாருக்குங்கிறா."

அவர் சொன்ன நேரம் இளங்காற்றின் நேரம்.

"சார், அது எந்த விமானம்னு நீங்க கேக்கலையே" என்றேன்.

கண்ணாடிக்குப் பின்னால் காது எழுந்து நின்றார்.

"கேக்கணுமா?"

"அது அந்த விமானம்தான் சார். ரெண்டு விழுந்துச்சே, அந்த ரகம். பேரத்தான் மாத்தியிருக்கோம். அதே நாள்ல வேற விமானமும் இருக்கு, அதுல போகச் சொல்லுங்க."

பட்டறை இரைச்சல் குறைந்தது, தள்ளி வந்திருப்பார்.

"தெரியும்மா" என்றார். "எல்லாருக்கும்தான் தெரியும். இன்னொன்னுல வெல என்னன்னு பாத்துட்டுதான் உங்களக் கூப்புட்டேன். அது நம்மால ஆகாது. பஸ்ஸுல அனுப்பினா வேலைக்குச் சேர்ற நாளு தாண்டிப்போகும். இந்த விமானத்துக்கு இந்தக் கதி வந்ததாலதான் எம்பொண்ணே பறக்கப் போறா." குறையாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்து முடித்த ஆளின் குரல். "சன்னலோரம் இருக்குதாம்மா?"

திரையில் அந்த விமானத்தின் சன்னலோர இருக்கைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. சற்று முன் என் தங்கையை எழுப்பிய ஒன்றுதான் காலி.

"இருக்கு சார்" என்றேன்.

"சந்தோசம்மா" என்றார் அவர். "உங்களுக்கு நல்ல மனசு. பிள்ளைகுட்டியோட நல்லா இருங்க."