வித்தியாசம் தெரியாத சுரப்பி

டீச்சரின் களைப்பு சாதாரணக் களைப்பு இல்லை. சீப்பை எடுத்துத் தலை வாரத் தொடங்கினால் பாதியில் கை இறங்கிவிடும். மீதித் தலையை அப்படியே விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். புற்று வந்த தைராய்டு சுரப்பியைக் கழுத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். அதற்கு ஈடாகத் தின்றுவந்த மாத்திரையையும் இப்போது நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மாத்திரை இல்லாமல் எழுந்து நடமாடுவதே பெரும்பாடாக இருந்தது.

நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கத்திக்குத் தப்பிய சுரப்பிச் செல்கள் எங்காவது ஒளிந்திருக்கலாம். மாத்திரை நின்றால் அவற்றுக்கு அயோடின் பசி கிளம்பும். அப்போது அயோடினே கொடுக்காமல் பட்டினி போட்டு, பிறகு கதிர்வீசும் அயோடினைக் கொடுத்தால், பசியில் விழுங்கிச் சாகும். இதை டீச்சருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை, வேதியியல்தான் அவர் பிழைப்பு. சாதா அயோடினானாலும் கதிர்வீசும் அயோடினானாலும் உட்கருவில் புரோட்டான் ஐம்பத்து மூன்றுதான். சுற்றிலும் எலக்ட்ரானும் அவ்வளவுதான். நியூட்ரான் மட்டும் ஒன்றில் எழுபத்து நான்கு, மற்றதில் எழுபத்தெட்டு. ஐசோடோப்பு என்று கரும்பலகையில் எழுதி, "ஒரே வீட்டுப் பிள்ளைங்க, எடைதான் வேற" என்று எத்தனை வகுப்புகளில் சொல்லியிருக்கிறார்! சுரப்பிக்குப் பேச்சுவார்த்தையெல்லாம் எலக்ட்ரானோடுதான். உட்கருவை அது எட்டிக்கூடப் பார்க்காது. வந்தது எதுவென்று தெரியாமல் இரண்டையும் விழுங்கும்.

ஆகவே சாதா அயோடின் உள்ளே போகவே கூடாது. டீச்சரின் கணவர் தையல்காரர். எடுத்த வேலையில் ஒரு நூலிழை பிசகவிடாத மனிதர். சமையலறையைத் தன் கைக்குள் கொண்டுவந்தார். மீன், முட்டை, பால் எல்லாம் வீட்டை விட்டு வெளியேறின. அயோடின் கலக்காத உப்புக்காகக் கடை கடையாக ஏறி இறங்கினார். நாலு வயது மகள் அம்மாவுக்கு ஆசையாக ஊட்ட வந்த பிஸ்கட்டைக்கூடப் பாய்ந்து பிடுங்கினார்.

மாலையில் கடையிலிருந்து வந்ததும் மனைவியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். மாத்திரை நின்றதில் தோல் வறண்டு, குதிகால் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஊசி குத்திய விரலுக்குப் போடுவதற்காக அவர் பழுப்புக் களிம்பு ஒன்று வைத்திருந்தார். அதை வெடிப்பு வெடிப்பாகத் தடவிக் காலுறை மாட்டிவிடுவார். டீச்சர் அதற்குள் கண்ணை மூடியிருப்பார். அவருக்கு நாள் முழுக்கக் கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

மருத்துவமனைக்குப் போகும் நாள் வந்தது. கதிர் அடங்கும்வரை குழந்தையை நெருங்கக் கூடாது என்பதால் தனி அறை, தனித் தட்டு, தனிப் போர்வை எல்லாம் தயாராக இருந்தன. டீச்சருக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த மருந்தை விழுங்கிவிட்டால் மாத்திரை திரும்ப வரும், தானும் மறுபடி ஒரு மனுஷி ஆகலாம்.

மருந்து கொடுக்கவில்லை. சிறுநீர்ச் சோதனையில் அயோடின் எக்கச்சக்கமாக இருந்தது. என்ன சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் துருவினார். டீச்சர் ஒன்று விடாமல் ஒப்பித்தார், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. எடை பார்க்கக் காலுறையைக் கழற்றச் சொன்ன நர்ஸ்தான் கேட்டார்.

"காலுக்கு என்னம்மா போடுறீங்க?"

டீச்சர் குனிந்து பார்த்தார். அது எதன் பழுப்பு என்று அவரிடம் படிக்கும் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். வெடிப்பு வழியாக உள்ளே போன அயோடின், அணுவுக்கு ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அயனியாகி ரத்தத்தில் சுற்றியிருக்கிறது. பட்டினி கிடக்க வேண்டிய செல்கள் வயிறு முட்டத் தின்றிருக்கின்றன. வாய்க்குக் காவல் போட்டுவிட்டுக் காலில் கோட்டை விட்டிருக்கிறார்கள். மாத்திரையைத் தொடங்குங்கள், சில மாதம் போகட்டும், அப்புறம் நிறுத்திவிட்டு முதலிலிருந்து பார்க்கலாம் என்றார் மருத்துவர். முதலிலிருந்து என்றதும் டீச்சருக்கு அழுகை வந்தது. அழத் தெம்பில்லை.

வெளியே காத்திருந்த தையல்காரரிடம், மருந்து வந்து சேரவில்லையாம் என்று சொல்லிவைத்தார். அவர் வீடு வரும்வரை மருத்துவமனையைத் திட்டித் தீர்த்தார். மகளுக்கு மட்டும் கொண்டாட்டம், அம்மா கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

மாலையில் அவர் வழக்கம்போல் களிம்போடு வந்து உட்கார்ந்தார். டீச்சர் காலை இழுத்துக்கொண்டார்.

"ஏன், எரியுதா?"

இந்தப் பொய்யை நாளைக்கும் சொல்ல வேண்டும், அதற்கு மறுநாளும் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் உடம்பில் எங்கே தெம்பு?

"மருந்து வராம இல்லங்க. இந்தக் களிம்புலயும் அயோடின்தான் இருக்கு. அதான் குடுக்கல. மறுபடி மொதல்லேருந்தாம்."

அவர் கட்டைவிரலில் களிம்பு ஒட்டியபடி இருந்தது.

"அப்ப இத்தனை நாளும் நான்தான்..."

"நீங்க தடவினீங்க. நான் நீட்டினேன். டீச்சர்னு பேரு எனக்குத்தானே?"

"உன்னைக் காப்பாத்த வந்தது எது, கெடுக்க வந்தது எதுன்னு உடம்புக்குத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

டீச்சருக்கு அவர்மேல் கோபம் வந்தது. வந்த கோபம் பாதியிலேயே களைத்துப் படுத்துவிட்டது. தையல்காரர் வெந்நீரும் பழைய துணியும் கொண்டுவந்து, ஒவ்வொரு வெடிப்பாகத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணீர் வடிந்தது. அதைத் துடைத்துக்கொள்ள அவருக்குக் கை ஒழியவில்லை.

"மறுபடி மொதல்லேருந்துன்னா, இந்தத் தடவை தலையும் நானே வாரிவிடுறேன்" என்றார்.

டீச்சர் மற்ற காலையும் நீட்டினார்.